கிளித்தட்டும் இருபது முகப் பகடையும்

நான் பிறந்து வளர்ந்த ஊர்காவற்றுறையில், நிலவு காலித்த இரவுகளில் வீட்டார் எங்களைத் தேடமாட்டார்கள். கோயில் வீதி மணலில் இருப்போம் என்பது அவர்களுக்குத் தெரியும். காலால் கோடு கீறி, ஆட்களைப் பிரித்து, கிளித்தட்டு மறிக்கத் தொடங்கினால் சாமம் ஆனாலும் விளையாட்டு முடியாது. நடுவே நெடுங்கோடு ஒன்று. அதைக் குறுக்கறுத்துச் சில கோடுகள். மறிப்பவர்கள் தத்தமக்குரிய குறுக்குக்கோட்டை விட்டு அசையக் கூடாது. கிளி ஒருவனுக்கு மாத்திரமே நெடுங்கோட்டிலும் சுற்றுக்கோட்டிலும் ஓடித்திரியும் உரிமை. அடிபடாமல் கடைசித் தட்டைக் கடந்தவன் பழம், கடக்காதவன் காய்.

ஆனித் திருவிழாவுக்கு நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலுக்குப் படகில் போனால் அங்கும் இதே ஆட்டம் நடக்கும். ஆனால் தொடங்குமுன் கால் மணி நேரமாவது தர்க்கம் இருக்கும். காயும் பழமும் ஒரே தட்டில் சேர்ந்து நின்றால் குற்றமா, இல்லையா? கிளி எந்த இடத்தில் திரும்பலாம்? நெடுந்தீவிலிருந்து வந்த பொடியன்கள் ஒரு முறை சொல்வார்கள். நயினாதீவார் வேறொன்று சொல்வார்கள். நாங்கள் மூன்றாவதொன்றைப் பிடித்துக்கொண்டு நிற்போம். இறுதியில் யாராவது ஒரு பெரியவர், "இண்டைக்கு இந்த ஊர் முறை, பிறகு உங்கடை ஊரிலை உங்கடை முறை" என்று தீர்த்துவைப்பார். இந்த ஆட்டம் யாருக்குச் சொந்தம் என்று அன்றைக்கு ஒருவன் கேட்டிருந்தால், அவனுக்கு வெயில் பட்டுவிட்டது என்றுதான் நினைத்திருப்போம்.

அரை நூற்றாண்டுக்கு மேல் கழிந்து, 2022ஆம் ஆண்டு மார்கழி மாதக் குளிரில், ரொறன்ரோவில் என் தம்பி வீட்டு நிலவறையில் அந்தக் கேள்வியை நானே கேட்கும்படி ஆயிற்று. தம்பியின் மகனும் அவனுடைய நண்பர்கள் நால்வரும் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தார்கள். மேசையில் தாள்கள், பென்சில்கள், பல முகங்கள் கொண்ட பகடைகள். நாங்கள் சோகி உருட்டித் தாயம் ஆடிய வாழ்க்கையில் காணாத இருபது முகப் பகடை ஒன்றும் அங்கே உருண்டது. அருகில் பத்துப் பன்னிரண்டு தடித்த புத்தகங்கள். எடுத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் வெவ்வேறு பதிப்பகம் வெளியிட்டது.

"இவ்வளவு புத்தகமும் ஒரே விளையாட்டுக்கோ?" என்று கேட்டேன்.

"ஓம் பெரியப்பா. ஆட்டம் ஒரு கம்பனியின்ரை. அதுக்குப் புத்தகம் ஆரும் போடலாம்."

"காசு குடுக்கத் தேவையில்லையோ?"

"ஒரு சதமும் தேவையில்லை. கடைசிப் பக்கத்திலை ஒரு கடதாசியை அச்சடிச்சால் போதும்."

அவன் தானும் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருப்பதாகக் கூச்சத்தோடு சொன்னான். கதை நடக்கும் களம் நெடுந்தீவு. முருகைக் கற்களைச் சாந்தில்லாமல் அடுக்கிக் கட்டிய மதில்கள், மனிதரைக் கண்டால் விலகி ஓடும் மட்டக் குதிரைகள், உள்ளே ஆட்கள் நிற்கக்கூடிய பெருக்கமரம், வெடியரசன் கோட்டை என்று நாம் காட்டும் கற்குவியல், எல்லாவற்றையும் அதில் வைத்திருந்தான். அவன் அங்கே பிறந்தவன் அல்லன். இரண்டு முறை மாத்திரம் குறிகட்டுவானில் படகேறிப் போய்வந்தவன். அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலும் அதே கடதாசியை வைத்திருந்தான். மூன்று கிழமைகளுக்குள் அந்தக் கடதாசிக்கே ஆபத்து வந்தது. பத்திரிகைக்காரனின் பழக்கம் விடுமா? அதன் வரலாற்றைத் தேடத் தொடங்கினேன்.

பெட்டிக்குள் பிறந்த ஆட்டம்

இவ்விளையாட்டின் பெயர் டஞ்சன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ். 'நிலவறைகளும் பறவை நாகங்களும்' என்று தமிழில் சொல்லிக்கொள்ளலாம். பலகையும் காயும் கட்டாயமில்லை. ஒருவர் கதை நடத்துநராக இருந்து களத்தையும் இடர்களையும் விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்று, தாம் என்ன செய்யப் போகிறோம் என்பதை வாயால் சொல்வார்கள். செய்தது பலித்ததா என்பதைப் பகடை தீர்மானிக்கும். பாதி கூத்து, பாதி தாயம் என்றால் நம்மவர்களுக்கு எளிதில் விளங்கும்.

கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் இதை உருவாக்கினர். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்னும் சிற்றூரில் 1973-இல் தொடங்கப்பட்ட டி.எஸ்.ஆர். என்ற சிறு நிறுவனம், 1974-இல் மூன்று சிறு நூல்களை ஒரு பெட்டியிலிட்டு வெளியிட்டது. முதற் பதிப்பு 1,000 பெட்டிகள்தாம்.

விதிகளைப் படித்தவுடன் ஆடியவர்கள் தாமே புதிய அரக்கர்களையும் நகரங்களையும் படைக்கத் தொடங்கினார்கள். ஆட்டத்தின் இயல்பே அது. கதை நடத்துநர் ஒவ்வொருவரும் அரை எழுத்தாளர். இலினோய் மாநிலத்து டெக்காற்றூரில் 1976-இல் தொடங்கிய ஜட்ஜஸ் கில்ட் என்னும் சிறு பதிப்பகம், டி.எஸ்.ஆரின் சம்மதத்தோடு ஒரு முழு நகரத்தை வரைபடத்தோடு விற்றது. இத்துறையில் வெளியார் பதிப்பித்தவற்றுள் மிக முந்தியவற்றில் அதுவும் ஒன்று. அந்தச் சம்மதம் 1980களின் தொடக்கத்தில் முடிந்துபோனது, பதிப்பகமும் நலிந்தது. மேஃபெயர் கேம்ஸ் என்னும் மற்றொரு நிறுவனம் சம்மதம் பெறாமலே துணைநூல்களை வெளியிட்டது. 1984-இல் இரு தரப்பும் உடன்பாடு செய்துகொண்டன; 1990களின் தொடக்கத்தில் அதுவும் வழக்கில் முடிந்தது. இணையம் பரவிய பின்னர், தாம் எழுதிய கதைகளை இலவசமாகப் பகிர்ந்த ஆட்டக்காரர்களையும் டி.எஸ்.ஆர். எச்சரித்தது. தன் நூல்களை மிகுதியாக வாங்கியவர்களோடு தானே பகைத்துக்கொண்ட நிறுவனம் அது.

1997-இல் கடன் சுமையில் தத்தளித்த டி.எஸ்.ஆரை, சியாற்றில் நகருக்கு அருகிலிருந்த விசர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ற் நிறுவனம் வாங்கியது. 1999-இல் அந்த நிறுவனத்தை ஹாஸ்ப்ரோ என்னும் பெரும் விளையாட்டுப் பொருள் நிறுவனம் வாங்கியது. ஆட்டம் கைமாறிக் கைமாறி வந்த இந்த வேளையில்தான் யாரும் எதிர்பாராத ஒன்று நடந்தது.

இரண்டு கடதாசிகள்

விசர்ட்ஸ் நிறுவனத்தில் இவ்விளையாட்டுக்குப் பொறுப்பாயிருந்த ரையன் டான்சி என்பவர் ஒரு கணக்குப் போட்டார். இத்தகைய ஆட்டத்தின் மதிப்பு, அதை ஆடத் தெரிந்தவர்களின் தொகையில் இருக்கிறது. தொலைபேசி ஒருவரிடம் மாத்திரம் இருந்தால் பயனில்லை; ஊரெல்லாம் இருந்தால்தான் பயன். ஆகவே எல்லாப் பதிப்பாளர்களும் ஒரே விதிமுறையில் நூல் எழுதினால், எவருடைய நூலை வாங்குகிறவரும் அடிப்படை விதிநூலை எங்களிடம்தான் வாங்கவேண்டும். சிறு சாகசக் கதைகளை அச்சிடுவதில் பெரிய இலாபமில்லை. அதை வெளியார் செய்யட்டும்.

இதற்கு அவர் மாதிரியாகக் கொண்டது கணினி உலகின் கட்டற்ற மென்பொருள் இயக்கத்தை. ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அறிவித்த அவ்வியக்கம் 1989-இல் தனக்கென ஒரு பொது உரிமத்தை எழுதிக்கொண்டது. பயன்படுத்து, மாற்று, பிறருக்குக் கொடு. கொடுக்கும்போது நீ பெற்ற உரிமையையும் சேர்த்துக் கொடு என்பது அதன் சாரம். 2000ஆம் ஆண்டில் விளையாட்டின் மூன்றாம் பதிப்போடு வெளிவந்த திறந்த விளையாட்டு உரிமம் அதே வழியில் எழுதப்பட்டது. பெயர்களும் படங்களும் கதைகளும் நீக்கப்பட்ட விதித்தொகுப்பு ஒன்றும் அதனுடன் வெளியிடப்பட்டது.

உரிமம் சரக்கை இரண்டாகப் பிரித்தது. விதிகள், கணக்குகள், ஆட்டமுறை ஆகியவை திறந்த பகுதி. ஊர்ப்பெயர், பாத்திரப் பெயர், சின்னம், ஓவியம் ஆகியவை அந்தந்த நிறுவனத்தின் தனிச்சொத்து. எனக்கு உடனே நினைவுக்கு வந்தவர்கள் ஒல்லாந்தர். அவர்கள் எங்கள் தீவுகளுக்குத் தங்கள் நாட்டு நகரங்களின் பெயர்களை வைத்தார்கள். எங்கள் தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், காரைதீவு அம்ஸ்ரடாம். அவை நெடுங்காலம் வரைபடங்களில் இருந்தன. மக்கள் வாயில் எவையும் ஏறவில்லை. நெடுந்தீவுக்கு வைத்த 'டெல்ஃப்ற்' மாத்திரம் ஆங்கிலத்தில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பெயர் வைத்தவனுக்குப் பெயர் சொந்தமாயிருக்கலாம். கிணறும் பனையும் கடலும் அங்கே வாழ்ந்தவர்களின் புழக்கத்தில் இருந்தன.

இன்னொரு நிபந்தனையும் என்னைக் கவர்ந்தது. பிறர் எழுதிய திறந்த பகுதியை எடுத்தாள்பவர், அது யாரிடமிருந்து வந்தது, அவர்களுக்கு யாரிடமிருந்து வந்தது என்ற வரிசையைத் தமது நூலின் கடைசிப் பக்கத்தில் முழுமையாக அச்சிட வேண்டும். நமது காணி உறுதிகளில் இன்னாரிடமிருந்து இன்னாருக்கு வந்தது என்று தலைமுறை வரிசை எழுதுவதைப் போன்றது அது. தம்பி மகன் காட்டிய கடதாசியில் இருபதுக்கு மேற்பட்ட பெயர்கள் இருந்தன.

இதனோடு இரண்டாவது கடதாசி ஒன்றும் இருந்தது. 'டி20' என்னும் சின்னத்தை நூலின் அட்டையில் பொறித்துக்கொள்வதற்கான வணிகச் சின்ன உரிமம் அது. முதலாவது கடதாசி என்றென்றைக்கும் என்று சொல்லிற்று. இரண்டாவதை நிறுவனம் விரும்பியபோது மாற்றலாம். இவ்வேறுபாட்டின் பாரதூரம் அன்று பலருக்கு உறைக்கவில்லை.

வெள்ளமும் வற்றும்

2000 ஆவணியில் நடந்த ஜென் கொன் விளையாட்டு மாநாட்டில் மூன்றாம் பதிப்பின் விதிநூல் விற்பனைக்கு வந்தபோதே, வெளியார் நூல்களும் பக்கத்துக் கடைகளில் இருந்தன. அட்லஸ் கேம்ஸ், கிரீன் ரோனின் ஆகிய சிறு பதிப்பகங்கள் முதல் நாளிலேயே தத்தம் சாகசக் கதையை வைத்திருந்தன. பின்னர் வெள்ளம் வந்தது. இங்கிலாந்தில் மொங்கூஸ், அமெரிக்காவில் மல்காவொக் என்று புதிய பதிப்பகங்கள் தோன்றின. வீட்டு மேசையில் இருந்து எழுதியவர்கள் முழுநேர எழுத்தாளர்களானார்கள். நல்லதும் வந்தது, குப்பையும் வந்தது.

2003-இல் இரண்டு அடிகள் விழுந்தன. அவ்வாண்டு நடுப்பகுதியில் விதிகளைத் திருத்திய '3.5' பதிப்பு வெளிவந்தது. கடைத் தட்டுகளில் இருந்த பழைய துணைநூல்கள் ஒரே நாளில் காலாவதியான பஞ்சாங்கங்களாயின. பல சிறு பதிப்பகங்கள் அடுத்தடுத்த ஆண்டுகளில் மறைந்தன. அதே ஆண்டில், காமம் பற்றிய துணைநூல் ஒன்று வெளிவரப்போவதை அறிந்த நிறுவனம் சின்ன உரிமத்தில் ஒழுக்க விதி ஒன்றைச் சேர்த்தது. அந்நூல் சின்னத்தைக் கைவிட்டு, திறந்த உரிமத்தின் கீழ் மாத்திரம் வெளிவந்தது. அதை நிறுவனத்தால் தடுக்க முடியவில்லை. நூல் நல்லதா கெட்டதா என்பது வேறு விடயம். இரண்டு கடதாசிகளில் எது உறுதி, எது வெறும் தயவு என்பது அப்போது வெளிச்சமாயிற்று.

2008-இல் நான்காம் பதிப்பு வந்தது. இம்முறை நிறுவனம் திறந்த உரிமத்தை விட்டு, கட்டுப்பாடுகள் நிறைந்த புதிய உரிமம் ஒன்றை வைத்தது. அதுவரை அந்நிறுவனத்தின் இரு சஞ்சிகைகளை வெளியிட்டுவந்து, 2007-இல் அந்த வாய்ப்பை இழந்திருந்த பைசோ என்னும் பதிப்பகம் பழைய உரிமத்தைக் கையில் எடுத்தது. பழைய விதிகளைச் செப்பனிட்டு, 2009 ஆவணியில் பாத்ஃபைண்டர் என்ற பெயரில் தனி விளையாட்டாக வெளியிட்டது. சில ஆண்டுகளில், கடைகளின் விற்பனையைக் கணிக்கும் வணிக ஏடுகளின் பட்டியலில் அது மூல விளையாட்டையே முந்தியது. குத்தகைக்காரன் காணிக்காரனைவிடக் கூடுதலாக விளைவித்துவிட்டான். இதற்கு முன்னரே, 2006-இல், சில ஆர்வலர்கள் அதே உரிமத்தைக் கொண்டு, அச்சில் இல்லாதுபோன 1970களின் பழைய விதிகளை மீள எழுதி இலவசமாக வெளியிட்டிருந்தார்கள். கைவிடப்பட்ட ஓர் ஆட்டத்தை ஆடுகிறவர்களே மீட்டெடுத்த கதை அது.

நிறுவனம் பாடம் படித்தது. 2014-இல் ஐந்தாம் பதிப்பு வந்தது. 2016-இல் அதன் விதித்தொகுப்பைப் பழைய திறந்த உரிமத்தின் கீழேயே வெளியிட்டது. விளையாட்டு முன்னெப்போதும் இல்லாத அளவுக்குப் பெருகியது. தம்பி மகன் போன்றவர்கள் வந்து சேர்ந்தது இக்காலத்தில்தான்.

என் சொந்தக் கதை ஒன்று

இந்த இடத்தில் என் அனுபவம் ஒன்றைச் சொல்லவேண்டும். நான் இளம் நிருபனாக இருந்தபோது, தீவுப்பகுதிக் கடற்றொழிலாளரின் அம்பாப் பாடல்களைத் தொகுக்க விரும்பினேன். யாழ்ப்பாணத்தில் அச்சகம் வைத்திருந்த ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் அவற்றுள் சிலவற்றைச் சிறு நூலாகப் போட்டிருந்தார். அவரிடம் போய் அனுமதி கேட்டேன். வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே, "தாராளமாய்ப் போடு தம்பி, உதெல்லாம் சனத்தின்ரை சொத்து" என்றார். இரண்டு ஆண்டுகள் அலைந்து எழுதினேன். நூல் அச்சுக் கோத்து முடிந்த நிலையில் அவர் காலமானார். அவருடைய வாரிசு வந்து, "ஐயா சொன்னதுக்கு எழுத்து இருக்கோ?" என்று கேட்டார். இருக்கவில்லை. வழக்குப் பேச எனக்கு வசதியும் இருக்கவில்லை. கோத்த எழுத்துகளைக் கலைத்துப் பெட்டியில் போட்டார்கள். அந்த ஓசை இன்றும் காதில் இருக்கிறது. பாடிக்கொண்டு வலை இழுத்தவர்களுக்கு இந்தத் தகராறு தெரியவே தெரியாது.

2023 தைமாதம்

2023 தை 5ஆம் திகதி, லிண்டா கோடேகா என்னும் செய்தியாளர் கிஸ்மோடோ இணையத்தளத்தில் ஒரு செய்தியை வெளியிட்டார். விசர்ட்ஸ் நிறுவனம் எழுதிவைத்திருந்த புதிய உரிமத்தின் வரைவு அவர் கைக்குக் கிடைத்திருந்தது. பழைய உரிமம் இனி அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று அவ்வரைவு கூறிற்று. ஆண்டு வருமானம் 50,000 டொலரைத் தாண்டினால் கணக்குக் காட்டவேண்டும். 7,50,000 டொலரைத் தாண்டினால், தாண்டிய தொகையில் 25 வீதம் செலுத்தவேண்டும்; அது இலாபத்தில் அன்று, வருமானத்தில். நீங்கள் எழுதுவதை நிறுவனம் கட்டணமின்றி என்றென்றைக்கும் பயன்படுத்தலாம். நிபந்தனைகளை 30 நாள் அறிவித்தலோடு நிறுவனம் மாற்றலாம்.

23 ஆண்டுகளாகக் கட்டிய வீடுகளின் அத்திவாரம் இது. 'என்றென்றைக்கும்' என்று எழுதிய உரிமத்தை எவ்வாறு கலைக்கலாம்? சட்டத்தரணிகள் கடதாசியை மறுபடி எடுத்துப் படித்தார்கள். 'நிரந்தரமானது' என்ற சொல் அதில் இருந்தது. 'மீளப்பெற முடியாதது' என்ற சொல் இருக்கவில்லை. 'அங்கீகரிக்கப்பட்ட எந்தப் பதிப்பையும் பயன்படுத்தலாம்' என்ற வாசகமும் இருந்தது. அங்கீகாரத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும்? 2000-இல் அதை எழுதியவர்கள், ஒருபோதும் மீளப்பெறும் எண்ணம் தமக்கு இருக்கவில்லை என்றார்கள். நிறுவனமே முன்னர் வெளியிட்ட விளக்கக் குறிப்பும் அவ்வாறே கூறியிருந்தது. ஆனால் எண்ணம் வேறு, எழுத்து வேறு. என் பழைய அச்சகத்து வாரிசின் கேள்வி நினைவுக்கு வந்தது.

அந்த வாரம் தம்பி மகனோடு தொலைபேசியில் பேசினேன். "விட்டிடப் போறன் பெரியப்பா. பெரிய ஆக்களே பயந்துபோய் நிக்கினம்" என்றான். 7,50,000 டொலர் அவன் கனவிலும் காணாத தொகை. அவனைத் தாக்கியது அந்த எண் அன்று. நாளைக்கு வேறு நிபந்தனை வரலாம் என்ற எண்ணமே அவன் கையைக் கட்டிப்போட்டது.

பெரியவர்கள் பயந்து நிற்கவில்லை. தை 12ஆம் திகதி பைசோ, எந்த ஒரு பதிப்பகத்துக்கும் சொந்தமில்லாத, மீளப்பெற முடியாத புதிய உரிமம் ஒன்றை உருவாக்கப்போவதாக அறிவித்தது. கோபோல்ட் பிரஸ், கயோசியம், கிரீன் ரோனின் முதலிய போட்டியாளர்கள் அதனோடு சேர்ந்தார்கள். சாதாரண ஆட்டக்காரர்கள் விசர்ட்ஸின் இணையச் சந்தாக்களை இரத்துச் செய்தார்கள். பைசோ தன்னிடமிருந்த எட்டு மாதத்துக்கான விதிநூல் இருப்பு இரண்டு கிழமைகளில் முடிந்ததாக அறிவித்தது. விசர்ட்ஸ் பின்வாங்கித் திருத்திய வரைவொன்றை முன்வைத்துக் கருத்துக் கேட்டது. 15,000-க்கு மேற்பட்டோர் விடையளித்தனர். புதிய உரிமத்தின் கீழ் நூல் வெளியிட விரும்பவில்லை என்றவர்கள் 88 வீதம். பழையதை நீக்குவதில் அதிருப்தி தெரிவித்தவர்கள் 89 வீதம்.

தை 27ஆம் திகதி நிறுவனம் பணிந்தது. பழைய உரிமத்தைத் தொடுவதில்லை என்றது. அதோடு நிற்காமல், ஐந்தாம் பதிப்பின் விதித்தொகுப்பு முழுவதையும் கிரியேட்டிவ் கொமன்ஸ் என்னும் படைப்பாக்கப் பொது உரிமத்தின் கீழ் வெளியிட்டது. அவ்வுரிமத்தை எழுதியது ஒரு பொது அமைப்பு; விசர்ட்ஸால் அதன் எழுத்தை மாற்ற முடியாது. மீளப்பெற முடியாது என்ற சொல்லும் அதில் வெளிப்படையாக உள்ளது. மூலத்தைக் குறிப்பிட்டுவிட்டு எவரும் எடுத்தாளலாம். 2025 சித்திரையில், திருத்திய விதிகளின் தொகுப்பும் அதே உரிமத்தின் கீழ் வந்தது. பைசோ அறிவித்த பொது உரிமமும் 2023 நடுப்பகுதியில் நிறைவுற்றது.

எழுதாத விதியும் எழுதிய விதியும்

சட்டம் தெரிந்த வாசகர்கள் ஒரு கேள்வி எழுப்பலாம். ஆட்ட விதிகளுக்குப் பதிப்புரிமை கிடையாதே, பின் எதற்கு உரிமம்? நியாயமான கேள்விதான். கணக்கெழுதும் முறை ஒன்றைப் பற்றிய வழக்கில், முறைக்குப் பதிப்புரிமை இல்லை, அதை விளக்கும் எழுத்துக்கே உண்டு என்று அமெரிக்க உயர்நீதிமன்றம் 1879-இலேயே தீர்த்துவிட்டது. ஆனால் முறை எங்கே முடிகிறது, எழுத்து எங்கே தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு முறையும் நீதிமன்றம்தான் சொல்லவேண்டும். அதற்குச் செலவழிக்கச் சிறு பதிப்பாளரிடம் பணம் இல்லை. உரிமம் அவருக்குக் கொடுத்தது நிம்மதியை. அச்சமில்லாமல் போய்வரலாம் என்ற சீட்டு அது. போர்க்காலத்தில் 'பாஸ்' எடுத்துப் பயணம் செய்த தீவார் எவருக்கும் அந்தச் சீட்டின் பெறுமதியும் தெரியும். அதைக் கொடுத்தவன் நாளை மறுக்கலாம் என்ற பயமும் தெரியும்.

எங்கள் மண்ணிலும் வாய்மொழியாயிருந்த விதிகள் ஒருமுறை எழுத்தாயின. யாழ்ப்பாணத்தாரின் வழக்கங்களைத் தொகுக்கும்படி ஒல்லாந்த ஆளுநர் சைமன்ஸ் பணித்தபோது, நீண்டகாலம் இங்கே பணியாற்றிய திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் அவற்றை எழுதி 1707 தைமாதத்தில் ஒப்படைத்தார். தமிழில் பெயர்க்கப்பட்ட அத்தொகுப்பை 12 முதலிமார் படித்து ஒப்புக்கொண்டார்கள். அதுவே தேசவழமை. 1806-இல் ஆங்கிலேயரும் அதை உறுதிப்படுத்தினார்கள். திருத்தங்களோடு இன்றும் வழக்கில் உள்ளது. எழுதியபடியால் அது தப்பியது. அதே வேளையில், ஊருக்கு ஊர் வேறுபட்டு நெகிழ்ந்த வழக்கம், எழுதுவித்தவனின் அதிகாரத்துக்குள்ளும் வந்தது. விதியைத் தாளில் வைப்பவன் அதன் சாவியையும் வைத்திருக்கப் பார்ப்பான்.

தேசவழமையில் எனக்குப் பிடித்த ஏற்பாடு முன்வாங்கும் உரிமை. காணியை அந்நியருக்கு விற்குமுன் பங்காளிகளுக்கும் உரித்தாளருக்கும் அறிவிக்கவேண்டும். பழைய தொகுப்பின்படி, ஈட்டுரிமை கொண்ட அயற்காணிக்காரருக்கும் அறிவிக்கவேண்டும். காணி ஒருவனுடையதுதான், ஆயினும் அதைச் சுற்றி வாழ்ந்தவர்களுக்கும் ஒரு சொல் உண்டு என்ற நினைப்பு அதில் இருக்கிறது. 2023-இல் அந்தச் சிறு பதிப்பாளர்கள் கேட்டதும் அதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர்கள் ஆட்டத்தை உடைமையாகக் கேட்கவில்லை. தாம் இருபத்து மூன்று ஆண்டுகள் உழுத வயலின் வேலியைத் தமக்குச் சொல்லாமல் மாற்றாதீர் என்றார்கள். ஒருவராகச் சொல்லியிருந்தால் எடுபட்டிராது. போட்டியாளர்கள் எல்லோரும் ஒரே நாளில் சொன்னதால் எடுபட்டது. என் அம்பாப் பாடல் நூலுக்காகச் சொல்ல அன்று எவரும் இருக்கவில்லை.

தம்பி மகன் நூலைக் கைவிடவில்லை. இப்போது அதன் கடைசிப் பக்கத்தில் வேறொரு கடதாசி இருக்கிறது. நெடுந்தீவு பற்றிய பகுதிகளை எவரும் எடுத்தாளலாம் என்று அதில் எழுதியிருக்கிறான். வெடியரசன் கதையைத் தான் கண்டுபிடிக்கவில்லை, ஆகவே பூட்டிவைக்கத் தனக்கு உரித்தில்லை என்றான். அவன் கேட்டபடி, நயினாதீவுத் திருவிழா அத்தியாயத்துக்காக நான் கிளித்தட்டு விதிகளை எழுதிக் கொடுத்தேன். ஊர்காவற்றுறை முறை எனக்கு நன்றாகத் தெரியும். மற்ற இரண்டும் சிறுவயதுத் தர்க்கங்களின் நினைவிலிருந்து எழுதியவை; நாங்கள் தோற்ற தர்க்கங்களை நான் நேர்மையாக எழுதியிருக்கிறேனா என்பதில் எனக்கே ஐயம் உண்டு.

இதைப் படிக்கும் நயினாதீவு, நெடுந்தீவு அன்பர்கள் எங்கிருந்தாலும், காயும் பழமும் ஒரே தட்டில் நின்றால் உங்கள் ஊரில் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். அடுத்த பதிப்பில் உங்கள் முறையையும் சேர்த்துவிடுவான். யாரிடமிருந்து வந்தது என்ற வரிசையில் உங்கள் ஊர்ப் பெயரும் இருக்கும்.